ஊமத்தம்பூ பறித்த விரல்

ஆவடி, 1988 ஆகஸ்ட், பிரதோஷ நாள்.

சிவனுக்கு ஊமத்தம்பூ பறித்த விரலைக் கழுவாமலேயே குழந்தைக்கு மை தீட்டிவிட்டேன். வலது கண்ணில் வைத்ததுமே அவன் திமிறித் திரும்பிக்கொண்டான். சாயங்காலம் பார்த்தால் அந்தக் கண்ணின் கருமணி அகலமாக விரிந்திருந்தது.

பால் ஊற்ற வந்த அம்சா பயந்துவிட்டாள். "இன்னாக்கா இது? அந்தக் கண்ணுல வேற யாரோ பாக்குற மாரி கீது!"

"வாய மூடுடி" என்றேன்.

டார்ச் அடித்தேன். இடக்கண் சுருங்கியது, வலக்கண் அசையவில்லை. ஊமத்தையில் இருக்கும், கருமணியை விரியவைக்கும் அட்ரோபினைப் பற்றி பி.எஸ்ஸி. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்! கண்ணோடு நின்றால் சில நாளில் சரியாகிவிடும். ரத்தத்தில் கலந்தால் இல்லாததெல்லாம் தெரியும்.

ஷிப்டு முடிந்து வந்த இவரிடம் தூசி விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

இப்போது தூளியில் விழித்துக்கொண்டு, வெறும் காற்றில் யாரிடமோ கை நீட்டிச் சிரிக்கிறான். இவரை எழுப்பி உண்மையைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்ப வேண்டும்.