ஃபேனை நிறுத்தச் சொன்னவள் நான்தான்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், நீ அங்கே சுகமா என்று முதல் வரியில் கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, பள்ளிக்கூட வேனை ஒருநாளும் நிறுத்தாமல் ஓட்டுகிறார். அக்காவின் குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், நேற்று என் மூக்குக்கண்ணாடியின் காம்பைக் கடித்து வளைத்துவிட்டாள், அதைத்தான் ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம் மட்டும்தான். ஒன்பது நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் குரலை உயர்த்திய உடனே நீ 'அம்மா, முதல்ல ஒரு மூச்சு இழுத்து விடு, அப்புறம் பேசு' என்கிறாய், நானும் மடச்சி மாதிரி இழுத்து விடுகிறேன், விட்டு முடிப்பதற்குள் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோகிறது, நீ 'பாத்தியா, இப்ப எவ்வளவு நிதானமா இருக்க' என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். அக்கா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படி. நடுவில் வைத்துவிட்டு எழுந்து போகாதே.

தெரிந்த கதைதானே என்று நினைக்காதே, உனக்குப் பாதிதான் தெரியும். ஒட்டும் பிரிவில் நாங்கள் பதினெட்டுப் பெண்கள் மூன்று வருஷமாக வாய் வலிக்கக் கேட்டது ஒன்றே ஒன்று. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசையின் நெடி தாங்க முடியவில்லை, இருக்கிற ஒரே எக்ஸாஸ்ட் ஃபேனும் கிழடாகிவிட்டது, கடகடவென்று கத்துமே தவிரப் பாதி நெடியைத்தான் இழுக்கிறது, இன்னும் இரண்டு போடுங்கள் என்றோம். தலைவலி, மயக்கம், மத்தியானம் ஆனால் கண் எரிச்சல், யாராவது ஒருத்தி வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிற தொட்டியில் வாந்தி எடுப்பாள். மானேஜர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் பணியாளர் நலன் பார்க்கிற மேடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து, 'உங்களுக்கெல்லாம் ஒரு நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கோம்' என்றார். ஃபேன்தான் வரப்போகிறது என்று நாங்கள் கையெல்லாம் தட்டினோம். வந்தது ஸ்பீக்கர் பெட்டி. கடிகாரத்துக்கு மேலே அதை மாட்டி, இனிமேல் தினம் பத்து மணிக்கு மூச்சுப் பயிற்சி, தியானம், உள்ளுக்குள்ளே பலம் வந்துவிட்டால் தலைசுற்றல் எல்லாம் தானாகப் போய்விடும் என்றார். எதிர் மேசைக்காரி, அவள் சிரித்தால் கூரை அதிரும் என்பதால் நாங்கள் பட்டாசு என்று கூப்பிடுகிறவள், 'அடடா, இனிமே பசைய மனசாலயே ஒட்டிரலாம்' என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. நீ எனக்குச் சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்தணும்னு இருந்தேன்மா என்று பிறகு சொன்னாய். உன் கம்பெனி தொழிற்சாலைகளுக்கு இந்தப் பயிற்சியை விற்கிறது என்று தெரியும், என் தலைக்கு மேலேயே வந்து பேசுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும். நீ ஊரைவிட்டுப் போய் நான்கு வருஷம். 'கண்ணை மூடிக்கோங்க, முதுகை நேரா வெச்சுக்கோங்க' என்று நீ சொன்னதும் நான் கண்ணை எங்கே மூட, அழுதுகொண்டிருந்தேன். 'என் பையன், என் பையன்' என்று பக்கத்து மேசைக்கெல்லாம் சொன்னேன். ஆனால் அந்த ஃபேன் போட்ட சத்தத்தில் பாதி வார்த்தை கேட்கவில்லை. நான் எழுந்து நின்று, 'சார், அந்த ஃபேன ஒரு பத்து நிமிஷம் நிறுத்துனா நல்லாக் கேக்கும்' என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் போய் நிறுத்தினார். அறை அமைதியானது, உன் குரல் மணிமணியாகக் கேட்டது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து பத்து மணி ஆனால் ஃபேன் நின்றுவிடும். இதை நன்றாகப் படித்துக்கொள். ஃபேனை நிறுத்தச் சொன்னவள் நான்தான். மூன்று வருஷம் ஃபேன் கேட்டவளே இருந்த ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன், பெற்ற பிள்ளையின் குரல் கேட்கவேண்டும் என்பதற்காக.

பயிற்சியைக் குறை சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் அம்மா எல்லாவற்றையும் திட்டுகிறாள் என்பாய். முதல் மாதம் எனக்கு நல்லதுதான் செய்தது. நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, ஆறு எண்ணி விட்டால் தோள் இறங்குகிறது, தாடை தளர்கிறது, பிரஷ் பிடிக்கிற கையில் இருந்த நடுக்கம் குறைந்தது, அப்பாவிடம் எரிந்து விழுவதுகூடக் குறைந்தது, வேண்டுமானால் அவரைக் கேள். ஆனால் இன்னொன்றும் நடந்தது, அதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். நாங்கள் ஃபேன் கேட்பதை விட்டுவிட்டோம். தலை வலித்தால், சரியாக மூச்சு விடவில்லை போலிருக்கிறது என்று எங்களையே குற்றம் சொல்லிக்கொண்டோம். மயக்கம் வந்தால் மனசு பலவீனம் என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டோம். மேடமும் புள்ளிவிவரம் எழுதிக்கொண்டு போனார், புகார் எல்லாம் நின்றுவிட்டது, பயிற்சி பிரமாதம் என்று. இரண்டாம் மாதம் அதை அரைமணி நேரமாக்கினார்கள். பெரிய ஆர்டர் வந்ததும், எதிரே பசை தடவிக் காயவைத்த அடிப்பாகங்களை எடுத்து வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை, ஈரமாக மூக்குக்கு நேரே அடுக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்தோம். டின் மூடி திறந்தபடியே இருக்கும். ஃபேன் நின்றிருக்கும். நீ மேலேயிருந்து, 'இன்னும் ஆழமா, வயிறு நிறைய இழுங்க' என்பாய். நாங்களும் வயிறு நிறைய இழுத்தோம்.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், பாதிப் பயிற்சியில் நான் அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். பட்டாசு தலை தொங்கி, கை தளர்ந்து, முகம் மேசையைத் தொட உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, பொறாமை. அடிப்பாவி, நேற்று வரைக்கும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள், இன்றைக்கு என்னமாய்த் தியானத்தில் போய்விட்டாள், என் மகன் பயிற்சி எனக்குப் பிடிபடாமல் அவளுக்குப் பிடிபட்டுவிட்டதே என்று நினைத்தேன். தொடவில்லை. ஏனென்றால் நீதான் பதிவில் சொல்லியிருக்கிறாயே, 'பக்கத்துல இருக்கறவங்க என்ன பண்றாங்கன்னு பாக்காதீங்க, யாரையும் தொடாதீங்க, எழுப்பாதீங்க' என்று. சூப்பர்வைசரும் பார்த்தார், மேடமும் எட்டிப் பார்த்துவிட்டு, 'பாருங்க, எவ்வளவு ஆழமா உக்காந்திருக்காங்க' என்று மெதுவாகச் சொல்லிப் போனார். பன்னிரண்டு நிமிஷம். பயிற்சி முடிந்து எல்லோரும் எழுந்தபிறகும் அவள் எழவில்லை. நான் போய்த் தோளை உலுக்கினேன். அவள் கன்னம் ஈரப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான்தான் பிரித்தேன். எப்படிப் பிரித்தேன் என்று எழுத மாட்டேன். அதற்குச் சற்று முன்னால்தான் நீ மேலே, 'உங்க முகத்துல ஒரு சின்னப் புன்னகையோட கண்ணைத் திறங்க' என்று சொல்லி முடித்திருந்தாய்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாலை நீ போன் செய்தாய், 'உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா' என்று கேட்டாய், சந்தோஷம். அவளைப் பற்றியும் கேட்டாய். நான் அழுதுகொண்டே, எவ்வளவு கலகலப்பானவள், பயிற்சியில்கூட யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறோம் பார்க்கலாம் என்று என்னிடம் பந்தயம் கட்டுவாள் என்று சொன்னேன். முதல் வாரத்து விளையாட்டு அது. வீட்டுப் பிள்ளையிடம் வீட்டுக் கதையாகச் சொன்னேன். முந்தாநாள் மேடம் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு கடிதத்தைப் படித்தார், உன் கம்பெனித் தாள், கீழே உன் கையெழுத்து. 'சம்பந்தப்பட்ட பணியாளர் பயிற்சியைப் போட்டியாக எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறி மூச்சை அடக்கும் பழக்கம் உள்ளவர் எனத் தெரிய வருகிறது. அறிவுறுத்தல்களை முறையாகப் பின்பற்றாததே மயக்கத்துக்குக் காரணம்.' எனத் தெரிய வருகிறதாம். யார் மூலம் தெரிய வந்தது என்று எழுத உனக்குக் கை வரவில்லையா? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. என் வாயிலிருந்து எடுத்த வார்த்தையை வைத்து என் எதிரில் உட்கார்ந்தவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டாயே. பசை என்று ஒரு வார்த்தை உண்டா அதில்? நெடி என்று உண்டா? டாக்டர் தெளிவாகச் சொல்கிறார், மூச்சு வழியாகப் போன விஷம் என்று. அவளுக்கு இடது கை இன்னும் பிடிப்பில்லை, பேச்சு குழறுகிறது. உன் ஒரு கடிதத்தைக் காட்டி, அவளே வரவழைத்துக்கொண்டது, வைத்தியத்துக்கும் நாங்கள் பொறுப்பில்லை, வேலையும் இனி இல்லை என்கிறார்கள். ஊருக்கெல்லாம் மனவலிமை சொல்லிக்கொடுக்கிறவன், முதலாளி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல அந்த வலிமை எங்கே போயிற்று?

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்த் தொழிற்சாலை ஆய்வாளர் வந்திருக்கிறார். நேற்று மானேஜர் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறைக்கு முன்னால் மானேஜர் என்னை ஓரமாக அழைத்து, 'உங்க பையன் வேலையும் இதுல இருக்கும்மா, பாத்துப் பேசுங்க' என்றார். உள்ளே போனபோது கால் வெடவெடத்தது. சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும், ஆனாலும் சொல்கிறேன், நாலு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன், கால் நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேனை நிறுத்தச் சொன்னது நான், நிறுத்தியது சூப்பர்வைசர், தெரிந்தும் விட்டது மானேஜர், பதிவில் பேசுகிறவன் என் மகன், மூச்சடக்கும் பந்தயம் என்று அவன் எழுதியது என் வாயால் கேட்டது, அதுவும் இரண்டரை மாதத்துக்கு முந்தின விளையாட்டு. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. எழுதி வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். உன் போன் நம்பரைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

வீட்டில் நடப்பதைக் கேள். 'பெத்த புள்ளையையே காட்டிக் குடுத்துட்டு வந்துட்டா' என்று அப்பா என்னிடம் பேசுவதில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட உன் அக்காவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, நான் எடுத்துத் தருகிறேன். அக்கா, 'தம்பி கஷ்டப்பட்டு அங்க போயிருக்கான்மா, வேலை போச்சுன்னா என்ன பண்ணுவான்' என்று அழுகிறாள். போகட்டும். வேலை போனால் திரும்பி வா, உன் அறையில் அக்கா குழந்தையின் தொட்டில் கட்டியிருக்கிறது, அவிழ்த்து இடம் பண்ணித் தருகிறேன். உனக்காக நான் பயப்படவில்லை என்று நினைக்காதே, பயம் இருக்கிறது, அதற்கும் மேலே கோபம் இருக்கிறது. நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் தலைமுழுகிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன், இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன்.

பட்டாசு அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும் என்று உன் கடிதத்தின் நகலை மேடம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருக்கிறார். பூட்டு ரிப்பேர் செய்கிற அவள் புருஷன் வெளியே மருந்து வாங்கப் போன நேரம் பார்த்துப் படித்துக் காட்டியிருக்கிறார். இன்று காலை நான் போயிருந்தேன். பாதி முகத்தில் கட்டு. வலது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்க, 'அக்கா... நான் தப்பாப் பண்ணிட்டேனா... உங்க பையன்... நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு... நான்தான் கெடுத்துட்டேன்... தம்பிகிட்ட... மன்னிக்கச் சொல்லுங்கக்கா' என்றாள். மன்னிப்புக் கேட்கிறாள். உன்னிடம். நீ எழுதியதை நம்பிவிட்டாள், பெரிய படிப்புப் படித்தவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று. நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும், அதை விட்டு விரலை உருவிக்கொண்டு வெளியே வந்து நடைவழியில் நின்றேன். அவளுக்கு நான் சொல்லும் பதில் போதாது. எழுதியவன் நீ, நீதான் சொல்லவேண்டும். அவள் புருஷன் நம்பரை அக்கா அனுப்புவாள். கூப்பிடு, போனை அவள் காதில் வைப்பார், நீங்க எந்தத் தப்பும் பண்ணலக்கா, நான்தான் பொய் எழுதினேன் என்று உன் வாயால் சொல்.

குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. எந்தக் கோபத்திலும் உன்னைச் சபிக்க எனக்கு வாய் வராது, உடம்பும் மனசும் கெட்டுப்போகாமல், நிமிர்ந்து நடக்கிற மனிதனாக நீ நீடு வாழவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, மறக்காதே, அதற்குள் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உண்மையை எழுதி அனுப்பு. ஆனால் அவளை அதற்கு முன்பே கூப்பிடு. அவள் குரலில் அந்த மன்னிப்பை நீ ஒருமுறை உன் காதால் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்