நாற்பத்தேழாம் கேள்விக்கு ஆறு விநாடி

நவம்பர் 12, செவ்வாய், காலை 9.40, ஹெல்சிங்கி. மொத்தக் கேள்விகள் 161. நீங்கள் ‘தெரியாது’ என்று குறித்தவை 0.

அப்பா,

எந்த மரபணு மாற்றத்துக்கு எந்தப் புற்றுநோய் மருந்து கேட்கும் என்று வசந்தத்தில் உங்களையும் சேர்த்து ஒன்பது மருத்துவர்களிடம் எழுதி வாங்கினோம். நோயாளிகளின் தரவு போதவில்லை; உங்கள் அனுபவத்தையும் சேர்த்துத்தான் கணினிக்குக் கற்றுக்கொடுத்தோம். நீங்கள் பத்தொன்பது நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள்.

அந்த ஒன்பது பேரில் இன்னொருவரான டாக்டர் தூலிக்கி 58 இடங்களில் ‘தெரியாது’ என்றார். காபி அறையில் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்: “ஏம்மா, முப்பது வருஷமா இங்க வைத்தியம் பாத்தியா, பன்னு தின்னியா?”

“பன்னைப் பத்திக் கேட்டிருந்தா நூத்தி அறுபத்தொண்ணுக்கும் பதில் எழுதியிருப்பேன்” என்றார் அவர்.

நானும் சிரித்தேன். உறுதியாகச் சொல்பவரின் பதிலுக்குக் கணினி அதிக மதிப்புத் தரவேண்டும் என்ற விதியை எழுதியவனும் நான்தான்.

நேற்று வென்லாவின் புற்றுநோய்க்குக் கணினி தேர்ந்தெடுத்த மருந்து நாற்பத்தேழாம் கேள்வியில் இருக்கிறது. ஆறு விநாடியில் ‘நிச்சயம் கேட்கும்’ என்று குறித்திருக்கிறீர்கள். அவளுக்கு இருக்கும் மாற்றத்துக்கு அந்த மருந்தை இதுவரை யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. நீங்களும்தான். வெள்ளிக்கிழமை அதை உங்கள் மகளுக்கு ஏற்றப்போகிறார்கள்.

உங்கள் மகன்

இனி நான் செய்யப்போவது:

1. உங்கள் பதில்களையும் என் விதியையும் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுவேன்.
2. மதியத்துக்குள் வென்லாவின் மருத்துவரிடம் மருந்தை நிறுத்தி வைக்கச் சொல்வேன்.
3. தூலிக்கியிடம் மன்னிப்புக் கேட்பேன்.
4. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, வென்லாவை வைத்துக்கொண்டே நாற்பத்தேழாம் கேள்வியை உங்களிடம் மறுபடி கேட்பேன்.