மின்சாரம் போகாத விரல்

மே 4, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மல்லாபூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ரப்பர் அழுத்தும் பிரஸ்ஸில் வலக்கை விரல்கள் மூன்று போனபின், இன்றுதான் தொழிற்சாலைக்குத் திரும்பினேன். சிலிக்கோன் விரல்களை மாட்டிக்கொண்டு போனேன். பார்க்க அசல் மாதிரி. நகம்கூட உண்டு.

லேபில் எல்லாம் மாறிவிட்டது. தாளும் பேனாவும் போய்த் தொடுதிரை டேப் வந்திருக்கிறது. இடக்கையில் ரப்பர் வளையமும் அளவுகோலும், வலக்கையால் திரையில் எண். தட்டினேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி. சுவரைத் தட்டுவதுபோல. கட்டைவிரலால் தட்டினால் பக்கத்து எண்ணும் சேர்ந்து விழுகிறது.

சூப்பர்வைசர் சீனிவாஸ் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். கத்தவில்லை. "பர்வாலேது அம்மா. ஒக்க வாரம் சூத்தாம். லேகபோதே பேக்கிங்." ஒரு வாரம் பார்ப்பாராம், இல்லையென்றால் பேக்கிங்காம். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது.

பேக்கிங் கேவலமான வேலை இல்லை. ஆனால் ரப்பருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை, பிடித்த வேலை. விடமாட்டேன்.

மே 5, செவ்வாய்

வீட்டுக்காரர் செல்வம் ஆபீஸிலிருந்து வரும்போது டச் பேனா வாங்கி வந்தார்.

"இத வச்சுத் தட்டு. வேல முடிஞ்சுது."

"உருண்டு உருண்டு விழுதுங்க. இதக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியணுமா?"

"அப்ப என்னதான் செய்யப்போற?"

"விரல மாத்தப்போறேன்."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

படித்தது மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

திரைக்கு அழுத்தம் தெரியாது. தொடும் உடம்பு கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக்கொள்வதுதான் அதற்குத் தெரியும்.

சிலிக்கோன் ரப்பர்: அணுக்கள் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்திருக்கின்றன. எதுவும் நகராது. மின்சாரம் போகாது.

கார்பன்: வெளிக்கூட்டில் நாலு எலக்ட்ரான். கிராஃபைட்டில் மூன்று, பக்கத்து அணுக்களோடு கட்டுப்பட்டுவிடும். நாலாவதுக்குக் கட்டுப்பாடு இல்லை, ஊர் சுற்றும். கார்பன் கரியிலும் ஏறக்குறைய அதே கதை.

அப்படியென்றால் ரப்பரில் கரியைக் கலக்க வேண்டியதுதான். லேபிலேயே டப்பா இருக்கிறது.

(பால்காரரிடம் நாளை அரை லிட்டர் கூடுதல்.)

மே 6, புதன்

கலந்து பார்க்கலாமா என்று சீனிவாஸிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என்றார். போதும். லேபில் கூட வேலை செய்யும் ரஸியா கலக்கினாள், நான் எடை போட்டேன். இறுகட்டும் என்று வைத்துவிட்டு வந்தோம்.

மே 7, வியாழன்

இறுகவில்லை. பிசுபிசுவென்று தார் மாதிரி.

யோசித்து யோசித்துப் பார்த்தால், கோப்பை! சாதா ரப்பர் கலக்குகிற கோப்பை. அதில் கந்தகம் ஒட்டியிருக்கும். சிலிக்கோனை இறுகவைக்கிற பிளாட்டினத்தைக் கந்தகம் பிடித்துக்கொள்ளும். இது தெரியாதவளா நான்? என்னையே திட்டிக்கொண்டேன்.

ரஸியா: "கைக்கு இத்தா டென்ஷன் லேரே? நயா கப் லே!" எதற்கு இவ்வளவு டென்ஷன், புதுசு எடு என்று காகிதக் கோப்பையை நீட்டினாள்.

ஐந்து கலவை போட்டோம். ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதல் கரி.

மே 8, வெள்ளி

முதல் மூன்றிலும் மின்சாரம் போகிறதா என்று பார்க்கும் மீட்டர் அசையவே இல்லை. நாலாவதில் எண் விழுந்தது! கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை, திடீரென்று. கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு வரிசை சேரும்வரை ஒன்றுமே இல்லை. சேர்ந்ததும் பாதை திறந்துவிடுகிறது.

"ஹவ்! ஹோ கயா!" ஆகிவிட்டதாம். ரஸியா என் முதுகில் ஓங்கி ஒரு அடி.

ஐந்தாவது இன்னும் நன்றாகக் கடத்துகிறது, ஆனால் மடக்கினால் வெடிக்கிறது. நாலாவதுதான் சரி. ரப்பர் ஆட்காட்டி விரலின் நுனியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கறுப்பு நுனி வார்த்தேன்.

மே 9, சனி

நுனியில் மீட்டர் காட்டுகிறது. திரை மட்டும் அசையவில்லை.

கழிப்பறையில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்ச வேலையைக் கட்டைவிரலால் முடித்தேன். தப்பு எண்கள் ஏராளம்.

மிச்சமிருந்த ரப்பரும் கரியும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

மே 10, ஞாயிறு

தக்காளி மலிவு என்று போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து செல்வம் ஒரு கூடையையே தூக்கி வந்துவிட்டார். யார் தின்பது? தொக்குப் போட உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. வலக்கையில் கத்தி, இடக்கையில் பாதி தக்காளி. அவசரத்தில் தக்காளியாலேயே திரையைத் தள்ளினேன். எடுத்துவிட்டது! விருதுநகரிலிருந்து அம்மா. "ஏளா, சத்தத்தையே காணும்?" என்கிறாள்.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அதே தக்காளித் துண்டை ரப்பர் விரல் நுனியில் குத்திவைத்து, கையில் படாமல் திரையைத் தொட்டேன். அசையவில்லை. கையில் பிடித்துக்கொண்டு தொட்டேன். அசைந்தது.

அவ்வளவுதான் விஷயம். நுனி கடத்துகிறது. ஆனால் நுனிக்கும் என் தோலுக்கும் நடுவே இன்னும் பழைய ரப்பர். நுனிவரை வந்த மின்சாரம் அங்கிருந்து எங்கே போகும்? என் உடம்புவரை பாதை போட வேண்டும்.

தொக்கை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு விரலைக் கழற்றி, அதன் உட்பக்கம் நீளமாகக் கீறினேன். கரி கலந்த ரப்பரை அடிவரை அடைத்தேன். மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, யே க்யா கர் ரஹே ஹோ?"

"விரல் செய்றேன்."

"ஓகே," என்று போய்விட்டாள்.

மே 11, திங்கள்

விழுந்தது.

நாலு. புள்ளி. ஏழு. திரையில் என் விரலுக்குக் கீழே.

ஏ.சி.யில் தோல் உலர்ந்தால் மட்டும் தடுமாறுகிறது. விரலைக் கழற்றி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வைத்தால் சரியாகிவிடுகிறது. மதியம்வரை ஒரு தப்பு எண் இல்லை. சீனிவாஸ் டேப்பை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். "பேக்கிங் வத்துலே அம்மா," என்றார். பேக்கிங் வேண்டாமாம். நான் எப்போது வேண்டும் என்றேன்?

வீட்டில் செல்வம் கறுப்பு நுனியைப் பார்த்துவிட்டு, "என்ன, ஓட்டுப் போட்டுட்டு வர்றியா?" இந்த முறை நானும் சிரித்தேன்.

மே 12, செவ்வாய்

மேகமூட்டம், புழுக்கம். மடக்குகிற இடத்தில் மயிரிழை விரிசல். கரியைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அம்மா லேப் வாசலில் வந்து நின்றார். லட்சுமம்மா, பேக்கிங்கில் வேலை. தினமும் கதவருகே பார்த்துத் தலையசைத்திருக்கிறேன். அவரும் பிரஸ்ஸில் விரல் போனவர் என்பது இன்றுதான் தெரியும். பேக்கிங்கில் இன்னும் இரண்டு பேர் அப்படி இருக்கிறார்களாம்.

"நாக்கூ சேஸ்தாவா அம்மா?" எனக்கும் செய்து தருவாயா என்று கேட்டார்.

முந்தானைக்குள் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தார். ரஸியா நூலைக் கொண்டுவந்தாள். சுற்றளவு எடுத்தேன். நீளம். கரிப் பாதை தொடுவதற்குத் தோல் எந்த இடத்தில் மெல்லிசு என்று கேட்டேன்.