பதினொரு கதவும் ஒரு கண்ணாடியும்

நீ இரவு வேலை முடிந்து வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. குழாய்க்காரர் பத்து மணிக்கு வருவார், தூங்கிவிடாதே.

கண்ணாடி மாட்ட என் ரசமட்டத்தாலா ஆணி அடித்தாய்? வீட்டில் சுத்தியல் இல்லையா? சாய்வு பார்க்க அந்த மட்டத்தை நம்பித்தான் புது ஆபீஸ் கட்டடத்தில் நாலாவது மாடிக்குப் பதினொரு கதவு மாட்டினேன். ஒன்றுகூடத் திறந்த இடத்தில் நிற்கவில்லை, தானாகச் சாத்திக்கொள்கிறது. "என்னப்பா, கதவுக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார் சூப்பர்வைசர். மானம் கப்பலேறிவிட்டது. இன்றைக்கு அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டும். இனி என் பெட்டியில் கை வைத்தால் நடப்பதே வேறு.

பி.கு: மட்டத்தை இப்போதுதான் தரையில் வைத்துப் பார்த்தேன். திருப்பிப் போட்டும் பார்த்தேன். இரண்டு தடவையும் குமிழி ஒரே இடத்தில்தான் நிற்கிறது. மட்டத்தில் கோளாறு இல்லை. செவ்வாய்க்கிழமை உன்னோடு சண்டை போட்ட கையோடு போய் மாட்டிய கதவுகள் அவை. மட்டம் வைத்தேனா என்பதே நினைவில்லை.

நீ மாட்டிய கண்ணாடிக்கும் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.