வாத்துக்காரி சேந்தி குற்றமற்றவள் என அறிவிக்கும் ஓலை

குளம் நிறைக! கழனி விளைக! குன்றவாயில் நாட்டை நடுவுநிலை பிறழாது புரந்தருளும் வேள் நெடுவரையனார் திருமுன், நீர்ப்படுகை நாட்டுக் கோ அருந்திறலாரின் அமைச்சர் பொழிலனார் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் மலையும், மலைச்சுனையும், சுனையை நம்பி வாழும் குடிகளும் நீடு வாழ எங்கள் வேந்தர் வாழ்த்துகின்றார். இவ்விடத்து நலத்தை எழுத அமைச்சருக்குக் கை வரவில்லை; பொறுத்தருள்க. குற்றம் செய்தவனை அயலான் போலப் பெயர் சுட்டி எழுதுவது எங்கள் நாட்டு வழக்கு. ஆதலின் இவ்வோலையில் பொழிலனார் தம்மையும் அவ்வாறே எழுதுகின்றார்.

இவ்வாண்டு வேனிலில் சேந்தி என்னும் பெண்ணொருத்தி வெறுங்கையளாய்த் தங்கள் எல்லைக்குள் நுழைந்திருப்பாள். எங்கள் அரண்மனைக் குளத்து வாத்துகளை இருபது ஆண்டுகள் மேய்த்தவள் அவள். குஞ்சுகளுக்கு நஞ்சிட்ட பாவி இவள், எவ்வூராரும் இவள் கையில் ஓர் இறகும் கொடுக்கலாகாது என்று அவளுக்கு முன்னே ஓர் ஓலை தங்கள் சந்தைக்கு வந்து வாசிக்கப்பட்டதன்றோ? அந்த ஓலை முழுப்பொய். அதை எழுதி முத்திரைப் பொறியிட்டவர் இந்தப் பொழிலனாரே.

நடந்தது இது. பங்குனியில் கீரி கடித்து மூன்று குஞ்சுகள் மாண்டன. எங்கள் நாட்டில் வாத்து, கயத்தாள் என்னும் நீர்த்தெய்வத்தின் ஊர்தி. செத்த வாத்தைப் புதைத்தலும் எரித்தலும் ஆகா. தாமரையிலையில் வைத்துக் குளத்தின் கடைசிப் படியில் கிடத்திவிட்டால் அலை வந்து தாயிடம் சேர்க்கும் என்பது தலைமுறை நம்பிக்கை. ஆனால் அவ்வேனிலில் நீர் வற்றி, அலை படியைத் தொடவேயில்லை. கிடத்திய குஞ்சுகள் கிடந்தபடியே அழுகின. ஐந்தாம் நாள் பதினொரு குஞ்சுகள் ஒரே பொழுதில் கழுத்துத் தொங்கி விழுந்தன. காலையில் தவிடு தின்று ஓடியாடியவை உச்சிவேளையில் அசைவற்றுக் கிடந்தன. அவற்றையும் அதே படியில் வரிசையாய்க் கிடத்தினோம்.

சேந்தி சும்மா இருக்கவில்லை. தவிடு பூசணம் பூத்துவிட்டதோ என்று முகர்ந்து பார்த்துப் பழையதைக் கொட்டிப் புதிது வாங்கினாள். இளங்குஞ்சுகள் நனைந்து விறைத்தனவோ என்று வைக்கோல் பரப்பிச் சூடு காட்டினாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டினவோ என்று கூடையைப் பிரித்து வைத்தாள். எதற்கும் சாவு நிற்கவில்லை. கடைசியில் அவள் அவைக்கு வந்து, அந்தப் படியில்தான் ஏதோ இருக்கிறது, செத்தவற்றை அங்கே வைக்க வேண்டா என்று மன்றாடினாள். பூசகர்கள் கொதித்தெழுந்தனர். தெய்வத்தின் படியைப் பழித்தவள் என்று அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியேற்றினர். பொழிலனார் அடுத்த வழக்கை அழைத்தார்.

அதன்பின் அவள் யாருமறியாமல் படியிலிருந்தவற்றை அள்ளித் தோப்புக்குள் எரித்தாள். பத்தாம் நாள் காவலர் கண்டுவிட்டனர். நஞ்சை மறைக்கவே எரித்தாள் என்று அவை முடிவு கட்டியது. அவள் எரித்த அந்தப் பத்து நாளில் இரண்டே குஞ்சுகள்தாம் செத்தன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஐயகோ, அறிவுக்கு அமைச்சன் என்று சம்பளம் வாங்கியவருக்கும் அது தோன்றவில்லையே!

அவளை எல்லைக்கு அனுப்பும் நாளில் மடியைச் சோதித்தனர். உள்ளே ஒரு குஞ்சு இருந்தது. கழுத்து நிற்கவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது. அப்போது அவள் சொன்னதை ஓரெழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டியது பொழிலனாரின் கடமை. "சாமி, இது சாவல. கழுத்துதான் தொங்குது. நல்ல தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தாப் பொழைச்சுக்கும். என்னைத் தொரத்துங்க, இதை மட்டும் எங்கிட்ட விட்டுருங்க." காவலன் பொழிலனாரின் முகத்தைப் பார்த்தான். பொழிலனார் படியைக் கைகாட்டினார்.

அவள் போன பின் சாவு பெருகியது. ஒரு திங்களுக்குள் முந்நூறு குஞ்சுகள் மாண்டன. நஞ்சிட்டவள்தான் போய்விட்டாளே என்று வேந்தர் கேட்டார். மறுநாள் காலை பொழிலனார் தனியே போய்க் குளக்கரையில் அமர்ந்தார். அழுகிய உடல்களிலிருந்து புழுக்கள் நெளிந்து நீரோரத்தில் விழ, குஞ்சுகள் கூட்டமாய் ஓடிவந்து அவற்றைக் கொத்தித் தின்றதைக் கண்டார். மூன்று குஞ்சுகளைப் பிரித்து அப்புழுக்களைத் தம் கையாலேயே ஊட்டினார். மறுநாள் மூன்றும் கழுத்துத் தொங்கி மாண்டன. செத்தவற்றின் நஞ்சு புழுவில் ஏறி உயிருள்ளவற்றைக் கொன்றிருக்கிறது. ஒவ்வொரு சாவையும் வழிபாடாய்ப் படியில் வைத்து, அடுத்த சாவுக்கு நாங்களே இரை போட்டோம். அவள் ஒருத்திதான் அதைத் தடுத்தாள்.

படியைக் கழுவி, உடல்களை எரித்து, சாம்பலை மட்டும் கயத்தாளுக்கு அளிக்க வேந்தர் ஆணையிட்டார். அன்றுமுதல் இந்த நாற்பது நாளில் அவ்வாறு ஒரு குஞ்சும் விழவில்லை.

ஆதலின் வேள் அவர்கள் அருள்கூர்ந்து, முன்னோலை வாசித்த அதே சந்தையில், அதே முரசறைந்து, இவ்வோலையை முழுதும் வாசிப்பிக்க வேண்டுகின்றோம். சேந்தி எங்கிருப்பினும் தேடி இதன் படியொன்றை அவள் கையில் கொடுக்க. அவள் வருவாளாயின் எங்கள் வேந்தரின் பல்லக்கு எல்லையில் காத்திருக்கும். குளமும் வாத்துகளும் அவளுடையன. வர மனமில்லை என்பாளாயின், ஒருவரும் வற்புறுத்தலாகாது. பொழிலனார் தம் பதவியை வேந்தர் திருவடியில் வைத்துவிட்டார். அவளை விலக்கிய அதே பொறியை இவ்வோலையில் இட்டபின் அது உடைக்கப்படும்.

ஆவணித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள் எழுதி, வேந்தர் செவிசாய்த்துக் கேட்டு, பொறியிடப்பட்டது. இச்சொல் நிலைபெறுக.

பொறிக்குக் கீழே பொழிலனார் தம் கைப்பட எழுதியது: அந்தக் கடைசிக் குஞ்சு என்னவாயிற்று என்று அவள் கேட்பாள். மறைக்க வேண்டா. படியில் வைத்த பின்னும் மாலைவரை அது கண் திறந்தே கிடந்தது. நீர் நான்கு முழத் தொலைவில் இருந்தது. பொழிலனார் பார்த்துக்கொண்டே நின்றார் என்று சொல்லுக.