லாட்ஜ் மடிப்பு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கே அதே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் மாத்திரையை நான் கையில் எடுத்துக் கொடுத்தால்தான் விழுங்குகிறார். என் தோள்பட்டை வலி அப்படியேதான் இருக்கிறது, நாலு வரி எழுதினால் கை மரத்துப்போகிறது, அதனால் வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் போனில் பாதியில் பாப்பா அழுகிறது, அப்புறம் நீ அழுகிறாய், அப்புறம் நான் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. நீ வேலைக்குத் திரும்பும் முன்னால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கையை அனுப்பும்படி கேட்டிருந்தாய், டிக்கெட் எடுக்க வேண்டும் சீக்கிரம் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையும் கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதிலை மட்டும் சொன்னால் உனக்குக் கோபம் வரும், அதனால் போன சனி ஞாயிறு நடந்ததை முதலில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நாம் முன்பு இருந்த ஊருக்கு நானும் இவளும் போய் வந்தோம். லாட்ஜ் லாண்டரியில் என்னோடு வேலை பார்த்த நெட்டையை உனக்கு நன்றாகத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அலமாரி உச்சியிலிருந்து பொம்மை எடுத்துத் தருவாளே, அவள்தான். லாட்ஜை மூடியதும் நாம் அப்பா வேலைக்காக இங்கே வந்துவிட்டோம், அவள் அங்கேயே சொந்தமாக ஒரு சின்ன லாண்டரி வைத்துவிட்டாள். அவள்தான் போன் போட்டு, ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போடி, உன் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு என்றாள். பஸ் நிலையத்துக்கு ரேடியோவும் வந்திருந்தாள். ரேடியோ இஸ்திரி மேஜையில் இருந்தவள், வாய் ஓயாமல் பேசுவதால் நாங்கள் வைத்த பெயர், இன்றைக்கும் பேட்டரி தீரவில்லை. நாம் குடியிருந்த மாடியில் இப்போது பல் டாக்டர் இருக்கிறாராம், உன் கட்டில் கிடந்த இடத்தில்தான் வாயைத் திறந்துகொண்டு படுக்க வேண்டுமாம், ரேடியோ போய்ப் படுத்துவிட்டு வந்திருக்கிறாள். வழி முழுக்க இவளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், இவள் சிரித்ததோடு சரி. கடைசியில் என்னைப் பார்த்து, ஏண்டி, கூட்டிட்டு வந்தது பொண்ணா, பொண்ணோட போட்டோவா என்று கேட்டுவிட்டாள். நெட்டை விடவில்லை, நீ பேசறதுல பாதியை அவளுக்குக் குடு, உனக்கும் வாய் வலி குறையும் என்றாள். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்கிறாள் உன் தங்கை. எழுது என்று சொல்லிவிட்டேன்.

நெட்டையின் லாண்டரி ஒரு நீள அறைதான், முன்பக்கம் இரண்டு துவைக்கும் மெஷின், ஒரு டிரையர், பின்பக்கம் மடிக்கிற மேஜை, சுவரோடு அலமாரி, மேலே ஒரு அறையில் அவள் படுக்கை. லாட்ஜுகளுக்கு இப்போது பெரிய கம்பெனிகள் வந்துவிட்டதால் அவளுக்கு இருப்பது பக்கத்துத் தெரு மருத்துவமனை ஒன்றுதான், அதுவும் புதிதாகக் கிடைத்தது, அது போனால் கதவைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மதியம் சாப்பிட்ட கையோடு டிரையரிலிருந்து பெட்ஷீட்டுகளை எடுத்து மேஜையில் போட்டாள். உதவிக்கு வரும் பெண் அன்று லீவு. தோள் வலியை மறந்து ஒரு முனையை நான் பிடித்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அவள் இழுத்தால் நான் தளர்த்துகிறேன், நான் நடந்தால் அவள் நிற்கிறாள், கை தானாகப் போகிறது. பேச்சும் அப்படியே போனது, லாட்ஜ் மேனேஜர் தொப்பியோடு துவைக்கும் தொட்டியில் விழுந்ததை ரேடியோ நடித்தே காட்டினாள், நெட்டைக்குக் கண்ணில் தண்ணீர் வந்து ஷீட்டிலேயே துடைத்துக்கொண்டாள். நானும் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியவில்லை. உன் தங்கை அலமாரிப் பக்கம் நின்று நாங்கள் மடித்ததையெல்லாம் அடுக்கிக் கட்டுப் போட்டாள். சாயங்காலம் மருத்துவமனை வேன் வந்து எடுத்துக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தார். நெட்டை காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தாள், எங்களுக்கே கேட்டது. இது என்ன லாட்ஜாம்மா, இங்க படுத்திருக்கிறவங்க தங்க வந்தவங்களா என்று கத்துகிறார். என்ன நடந்தது என்றால், லாட்ஜில் ஷீட்டில் அச்சடித்த லாட்ஜ் முத்திரை மேலே தெரிகிற மாதிரி மூன்றாக மடிப்போம், தெரியுமா. மருத்துவமனைக்கு அப்படியில்லை, நடுக்கோடு வெளியே தெரிய நாலாக மடிக்க வேண்டும், அதைக் கட்டிலின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் தள்ளிவிட்டால் விரிந்துவிடும், நோயாளி பக்கத்தில் துணியை உதறக் கூடாது என்பதற்காக. நெட்டைக்கு அது தெரியாமலில்லை, தினமும் மடிக்கிறவள்தான். என்னோடு சேர்ந்ததும் அவள் கையும் பழைய லாட்ஜுக்குப் போய்விட்டது. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையையும் லாட்ஜ் மடிப்பு மடித்து, அழகாகக் கட்டி அனுப்பியிருக்கிறோம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார் அந்த நர்ஸ்.

விழுந்தடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். துணி அறையிலேயே பிரித்து மறுபடி மடித்துத் தருகிறோம் என்று நெட்டை கெஞ்சி அனுமதி வாங்கினாள். எனக்கோ முந்தின நாள் ஆட்டத்தில் தோளைத் தூக்கவே முடியவில்லை, ரேடியோவுக்கு மடிப்பு வேலை வராது, அதனால் உன் தங்கை போய் மறுமுனையைப் பிடித்தாள். இவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, முதல் ஷீட்டே நடுக்கோடு வெளியே தெரிய நாலாக வந்து நின்றது. நெட்டை நிறுத்திவிட்டு, இந்த மடிப்பு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அலமாரியில மாதிரிக்குன்னு ஒண்ணு மடிச்சு வெச்சிருந்தீங்களே, நேத்து கட்டுப் போடும்போது பார்த்தேன் என்றாள் இவள். நெட்டைக்கு வந்ததே கோபம். அப்ப தப்பா மடிக்கிறோம்னு நேத்தே தெரியும், கண்ணு இருக்கு, வாயி இல்லியா உனக்கு, என் பொழைப்பே போயிருக்கும்டி என்று பிடித்துக்கொண்டாள். இவள் ஷீட்டின் முனையை விடாமல் அப்படியே நின்றாள். அப்புறம் மெதுவாக, அம்மாவும் நீங்களும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க, நடுவுல நிறுத்த எனக்கு மனசு வரல என்றாள். நெட்டை என்னைப் பார்த்து, இவ வீட்டிலயும் இப்படித்தானா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் செருப்பு ஞாபகம் வந்தது. போன வருஷம் நாங்கள் வாங்கித் தந்த செருப்பு காலைக் கடிக்கிறது என்று நாலு மாதம் சொல்லாமலே போட்டு நடந்தாள், ஆசையாக வாங்கி வந்தீர்களே என்றாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டாளே, அன்றைக்கும் இவள் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மடித்துக் கொடுத்தோம், நர்ஸ் இரண்டு ஷீட்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நெட்டையின் வேலை தப்பியது. வழியனுப்ப வந்தபோது நெட்டை இவள் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குப் பிடிச்சிருந்தா எங்கிட்ட வேலைக்கு வா, மேல என்னோட தங்கிக்கலாம், ஆனா தப்பைப் பார்த்தா கத்தணும் என்றாள். ஐயோ, அவள் அக்காவிடம் போகிறாள் என்று நான் சொல்லிவிட்டேன். இவளைக் கேட்காமல் நானே பதில் சொல்லிவிட்டது பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. நீ கூப்பிட்டதும், அக்கா கூப்பிடறா, போறியாடி என்று இவளிடம் கேட்டேன், தலையை ஆட்டினாள். அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ அங்கே தனியாகக் கஷ்டப்படுகிறாயே என்ற கவலை தீர்ந்தது என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அதனால் பஸ்ஸில் மறுபடி கேட்டேன், இந்தத் தடவை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல். தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து பதில் சொன்னாள். அது என்ன என்பதை நான் சொல்வது சரியில்லை. இனி வரும் வரிகள் அவளுடையவை, நான் அடுப்படிக்குப் போகிறேன்.

அக்கா, எனக்கு அங்கே வர விருப்பமில்லை. தலையாட்டியது தப்பு. நீ கோபித்துக்கொள்வாய் என்று பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நெட்டை பெரியம்மாவிடம் வேலைக்குப் போகப் போகிறேன். துணி மடிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அந்த அறையும் எனக்குப் பிடித்திருந்தது. வார லீவுக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு உதவி செய்வேன். பாப்பா படம் அனுப்பும்போதெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பாப்பாவைப் பார்க்க ஒருநாள் வருவேன். பார்த்துக்கொள்ள வர மாட்டேன்.

அம்மா மறுபடி சொல்கிறேன். அவள் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், மாட்டேன் என்றாள், இரண்டு நாளில் இது எத்தனையாவது மாட்டேன் என்று தெரியவில்லை. உனக்கு இது இடிதான், தெரியும். டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல், உங்கள் கட்டடத்துக்குக் கீழே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருப்பதாகச் சொன்னாயே, போய்ப் பேசிப் பார், பாப்பா கொஞ்ச நாள் அழுவாள், அப்புறம் பழகிவிடுவாள், நீயும் அப்படித்தான் பழகினாய். அப்பாவின் மாத்திரை ஓர் ஒழுங்குக்கு வந்தால் நானே வந்து கொஞ்ச காலம் இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, பாப்பா தூங்கும்போது பாத்திரம் துலக்காமல் நீயும் தூங்கு. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து இருக்க வேண்டும், அப்பாவும் கையைத் தூக்கி ஆசி சொல்கிறார். கோபம் இருந்தால் போன் போட்டு என்னிடம் தீர்த்துக்கொள். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எனக்கு எழுதாதே, உன் தங்கைக்கு எழுது.

என்றும் உன் நினைப்பாக,
அம்மா