இன்னும் ஒரு கிளிக்

என்னங்க,

பாப்பாவுக்குக் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போறேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்பல. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. வெளிய போனா சாவியை மீட்டர் பெட்டி மேல வைங்க.

உங்க கிளப் சிநேகிதர் நீங்க பறக்கவிடுற அந்தச் சின்ன மாடல் பிளேனைப் பாக்க வர்றாராம். டாக்டர்கிட்ட சொன்ன மாதிரி அவர்கிட்டயும் "புள்ள அவசரப்பட்டு கையை நீட்டிட்டா"ன்னு சொல்லாதீங்க. நான் சமையலறை ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மூக்கைத் தூக்கினா எஞ்சின் அணையுதான்னு பாக்க, எஞ்சின் ஓடுற பிளேனை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிருந்தீங்க. ஃப்யூயலைக் கூட்டிக் குறைக்கிற நீடிலைத் திருக உங்களுக்குக் கை இல்ல. "இன்னும் ஒரு கிளிக்"னு அவளைச் சுத்துற புரொப்பெல்லருக்கு முன்னாடி நின்னே திருகச் சொன்னது நீங்க. புரொப்பெல்லருக்குப் பின்னாடி வந்துதான் நீடிலைத் தொடணும்னு அவளுக்கு ஆயிரம் தடவை சொன்னதும் நீங்கதான்.

இப்ப அவளே "என் அவசரம்தான்மா"ங்கிறா. விரல் போனது போயிடுச்சு, பழியையும் அவ தலையில கட்டாதீங்க. நாங்க வந்ததும் நீங்களே வாயைத் திறந்து "தப்பு என்னுது"ன்னு அவகிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் என்கிட்ட பேச வேண்டாம்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது பாப்பா சொல்றா, பிளேன் டேங்க்ல ஃப்யூயல் மிச்சம் இருக்காம். அப்படியே விட்டா எஞ்சின் உள்ள துரு ஏறிடுமாம். அப்பாவை எஞ்சினை ஓட்டி அதைத் தீத்துடச் சொல்லுங்கிறா.

ஓட்டும்போது பின்னாடி நின்னுக்கச் சொன்னா.